இட்லி அலுக்கும், களைக்காது

தமிழைப் பற்றி மேடைகளில் அடிக்கடி கேட்கும் பெருமை ஒன்று உண்டு. ஒரு பொருளைச் சொல்ல நம்மிடம் பத்துச் சொல், இருபது சொல் இருக்கிறதாம். யானைக்கு இத்தனை, கடலுக்கு இத்தனை என்று பட்டிமன்றப் பேச்சாளர் மூச்சுவிடாமல் அடுக்க, அரங்கம் கைதட்டும். அதே அரங்கத்தை விட்டு வெளியே வரும் கூட்டத்தில் ஒருவர், "என்ன இருந்தாலும் 'போர் அடிக்குது'ங்கிறதுக்குச் சரியான தமிழ் கிடையாது சார்" என்பார். பக்கத்தில் நடப்பவரும் தலையாட்டுவார். வேண்டாத இடத்தில் சொல் குவிந்து கிடக்கிற மொழி, வேண்டிய இடத்தில் சொல் இல்லாத மொழி என்று இரண்டையும் ஒரே மாலையில் நம்புவதில் யாருக்கும் சங்கடம் இருப்பதாகத் தெரியவில்லை.

இரண்டு நம்பிக்கையுமே தவறு. இரண்டுக்கும் வேர் ஒன்று. அலுப்பு, சலிப்பு, களைப்பு, சோர்வு, அசதி, அயர்ச்சி, இளைப்பு எல்லாம் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டுக்கொள்ளக்கூடிய சொற்கள் என்று பள்ளிக்கூடத்தில் படிந்துவிட்ட எண்ணம்தான் அது. 'பொருள் தருக: சலிப்பு' என்று வினாத்தாள் கேட்கும். 'அலுப்பு' என்று எழுதினால் ஒரு மதிப்பெண். 'களைப்பு' என்று எழுதியவனுக்கும் ஒரு மதிப்பெண், 'சோர்வு' என்று எழுதியவனுக்கும் ஒரு மதிப்பெண். குறுக்கெழுத்துப் போட்டியில் நான்கு எழுத்துக்கு ஒன்று, ஐந்து எழுத்துக்கு ஒன்று. கைபேசியில் உள்ள அகராதிச் செயலியைத் தட்டினால், இவை எல்லாம் காற்புள்ளி போட்டு வரிசையில் வந்து நிற்கும். அந்தக் காற்புள்ளியைச் சமன்பாட்டுக் குறி என்று நாம் வாசிக்கப் பழகிவிட்டோம்.

இதற்காக நிகண்டுகளின் மீது பழி போடுகிறவர்கள் உண்டு. அது நியாயமில்லை. திவாகரமும் பிங்கலமும் பிற்காலத்தில் மண்டலபுருடர் செய்த சூடாமணி நிகண்டும் மனப்பாடம் செய்வதற்கென்று செய்யுளில் எழுதப்பட்டவை. பாட்டுக் கட்டுகிறவனுக்கு எதுகைக்கு ஒரு சொல் வேண்டும், மோனைக்கு ஒரு சொல் வேண்டும். ஒரு சொல்லின் அசை அந்த இடத்தில் இடிக்கும், இன்னொன்று உட்காரும். அவன் கைக்கெட்டும் தூரத்தில் இனமான சொற்களை எடுத்து வைத்த தச்சுப்பெட்டி அது. உளியும் இழைப்புளியும் ஒரே பெட்டியில் கிடக்கின்றன என்பதற்காக, ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யும் என்று எந்தத் தச்சரும் நினைத்ததில்லை. பெட்டியை வாங்கிய நாம்தான் அப்படி நினைத்தோம்.

அடுத்து வந்தவை இருமொழி அகராதிகள். ஃபெப்ரீசியஸ் 1779இல் கொண்டுவந்தது, வின்சுலோ 1862இல் வெளியிட்டது, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் என எல்லாவற்றுக்கும் ஒரு கட்டாயம் இருந்தது. தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் பொருள் சொல்லியாக வேண்டும். களைப்புக்கும் இளைப்புக்கும் அயர்ச்சிக்கும் ஆங்கிலப் பொருளைப் பார்த்தால் அதே இரண்டு மூன்று சொற்கள் இடம் மாறி மாறி வரும். ஆங்கிலக் கண்ணாடியில் ஒன்றாகத் தெரிந்தவை தமிழிலும் ஒன்றே என்ற முடிவுக்கு வருவது எளிது. 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இந்த வழக்கத்திலிருந்து விலகியது. சொல்லுக்குச் சொல் கொடுத்து நிறுத்தாமல், எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் பக்கத்தில் வைத்தது. ஆனால் வாக்கியத்தைப் படிக்கப் பொறுமை வேண்டும். செயலிக்கு அது கிடையாது.

அகராதியை மூடிவிட்டுச் சமையலறைக்குப் போகலாம். ஒரு வாரமாகக் காலையில் இட்லி. பையன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "இட்லி அலுத்துப்போச்சும்மா" என்கிறான். "சலிச்சுப்போச்சு" என்றும் சொல்லியிருக்கலாம். "இட்லி களைச்சுப்போச்சு" என்று சொல்லியிருந்தால் அம்மாவுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்திருக்கும். இட்லி எங்கே ஓடிவிட்டு வந்தது? "இட்லி அசந்துபோச்சு" என்றால் பையனுக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

இந்தச் சிரிப்புக்குள் ஓர் இலக்கணம் இருக்கிறது. அலுப்பதும் சலிப்பதும் பொருளின் மேல் ஏறும் வினைகள். இட்லி அலுக்கும், ஊர் சலிக்கும், வேலை அலுக்கும், ஒரே முகம் சலிக்கும். மனிதன் 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்பான். களைப்பதும் சோர்வதும் அசருவதும் மனிதனே எழுவாயாக நின்று செய்யும் வினைகள். நான் களைத்தேன், அவள் சோர்ந்தாள், தாத்தா அசந்துவிட்டார். 'அவன் வாழ்க்கையில் சலித்துப்போனான்' என்றும் எழுதுகிறோமே என்று ஒருவர் கேட்கலாம். எழுதுகிறோம், ஆனால் அங்கேயும் 'எதில்' என்ற கேள்வி தொக்கி நிற்கிறது. களைத்துப்போனவனிடம் 'எதில் களைத்தாய்' என்று யாரும் கேட்பதில்லை. 'என்ன வேலை செஞ்ச' என்றுதான் கேட்பார்கள்.

இன்னொரு சோதனை, 'கொள்' என்ற துணைவினை. வீட்டுக்கு வந்த விருந்தாளி இன்னும் கிளம்பவில்லை என்று அத்தை சலித்துக்கொள்வாள். மின்சாரம் போய்விட்டது என்று சித்தப்பா அலுத்துக்கொள்வார். களைத்துக்கொள்வதும் சோர்ந்துகொள்வதும் தமிழில் இல்லை. சலிப்பையும் அலுப்பையும் ஒருவர் பிறர் காதில் விழும்படி வெளியே விடலாம்; பெருமூச்சாக, முணுமுணுப்பாக, பாத்திரம் நங்கென்று வைக்கப்படும் ஓசையாக. களைப்புக்கு அந்த வசதி கிடையாது. ஒரே பொருளுடைய சொற்கள் என்றால், ஏழில் இரண்டு மட்டும் இந்தத் துணைவினையை ஏற்று மற்றவை ஏன் மறுக்கின்றன என்பதற்குப் பாடப்புத்தகக் கட்சியினர் பதில் சொல்ல வேண்டும்.

எதிர்மறையிலும் இதே கதைதான். ஓய்வு பெறும் தலைமையாசிரியருக்கு அச்சடிக்கும் வாழ்த்துமடலில் 'அயராது உழைத்தவர்' என்று போடுவார்கள். 'களைக்காது உழைத்தவர்' என்று போட்டால் மாவரைக்கும் இயந்திரத்தைப் புகழ்ந்தது போல இருக்கும். பார்க்கப் பார்க்க அலுக்காத முகம் என்று காதலிக்கு எழுதலாம். அயராத முகம் என்று எழுதினால் அந்தக் கடிதத்துக்குப் பதில் வராது. 'சளைக்காமல் பதில் சொன்னார்' என்பதில் எதிரே மல்லுக்கு நிற்க ஒருவர் இருந்தாக வேண்டும்.

இவை எல்லாம் இலக்கணப் புலவர்களின் நுணுக்கம், அன்றாடப் பேச்சில் எல்லோரும் கலந்தடித்துத்தான் பேசுகிறார்கள் என்பது அடுத்த வாதம். உண்மை நேர்மாறானது. கலந்தடிப்பவர்கள் எழுதுகிறவர்கள்தான். பேசுகிறவர்களுக்குத் தப்புவதில்லை. சென்னைக் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் இரவு வண்டி எடுத்து விடியலில் திருநெல்வேலியில் இறங்கும் ஓட்டுநரைக் கவனிக்கலாம். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, "ஒரே அசதியா இருக்குண்ணே" என்று அவர் சொன்னால், கண்ணுக்குத் தூக்கம் வேண்டும் என்று கடைக்காரருக்குப் புரிகிறது. "களைப்பா இருக்கு" என்றால் டீயோடு ஒரு பன்னும் சேர்த்து நீட்டுவார். "உடம்பெல்லாம் அலுப்பு" என்றால் இடுப்பும் தோளும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இரண்டு வாளி வெந்நீர் ஊற்றினால்தான் சரியாகும். "இந்த லைனே சலிச்சுப்போச்சு" என்று சொல்லிவிட்டால் தூக்கமும் வெந்நீரும் டீயும் பன்னும் உதவாது. அவர் பணிமனையில் வேறு தடம் கேட்டு மனுக் கொடுக்கப்போகிறார். நான்கு வாக்கியத்துக்கும் நான்கு மருந்து. ஒன்றின் மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்தால் கேட்காது.

இதில் அலுப்பு ஒன்றுதான் இரண்டு கரையிலும் கால் வைத்திருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இட்லி அலுத்ததில் இருப்பது மனம். பேருந்தில் வந்த அலுப்பில் இருப்பது உடம்பு. தென் மாவட்டத்து நாட்டு மருந்துக் கடைகளில் 'அலுப்பு மருந்து' என்றே பெயர் போட்டு விற்கிறார்கள். சுக்கு, மிளகு வாசனையோடு இருக்கும் அதைக் காய்ச்சிக் குடித்தால் வயல்வேலையும் கட்டட வேலையும் பார்த்த உடம்பு லேசாகும் என்பது நம்பிக்கை. 'சலிப்பு மருந்து' என்று எந்தக் கடையிலும் பலகை தொங்காது. தெலுங்கில் இதன் இனச்சொல் உடல் களைப்பையே முதன்மையாகக் குறிக்கிறது. தமிழில் அது மனத்துக்கும் ஏறியிருக்கிறது. ஆனால் எல்லையில் ஒரு சொல் இரண்டு பக்கமும் சாய்கிறது என்பதை வைத்து எல்லையே இல்லை என்று வாதிட முடியாது. பயணக் களைப்பு, பயண அலுப்பு, பயணச் சலிப்பு என்ற மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். முதல் இரண்டும் ஒரே பயணத்தில் வரும். மூன்றாவது வருவதற்கு ஆண்டுக்கணக்கில் பயணம் செய்திருக்க வேண்டும்.

இலக்கியத்திலிருந்து ஒரு மறுப்பு வரக்கூடும். சலிப்பு மனத்தைச் சேர்ந்தது என்றால், பட்டினத்தார் ஏன் உடலும் காலும் கையும் சலித்ததாகப் பாடினார்? இருப்பையூர்ச் சிவனிடம் முறையிடுவதாக அவர் பெயரில் வழங்கும் வெண்பாவைத்தான் சொல்கிறார்கள். நல்ல கேள்வி. ஆனால் அந்தப் பாட்டில் நடப்பதைப் பார்க்க வேண்டும். சுமந்து சுமந்து தாயின் உடல் சலிக்கிறது. பிறவிதோறும் நடந்து நடந்து இவருடைய கால் சலிக்கிறது. ஒரே ஆளுக்குத் தலையெழுத்தை எழுதி எழுதிப் பிரமனின் கை சலிக்கிறது. இன்னொரு தாயின் வயிற்றுக்கு அனுப்பாதே என்பது வேண்டுகோள். மூன்று இடத்திலும் பொது, திரும்பத் திரும்ப நடப்பது. ஒரு நாள் நடந்த நடையில் கால் களைக்கும். எத்தனையோ பிறவியாக நடந்தால்தான் சலிக்கும். சொல் எதன்மேல் ஏறுகிறது என்பது மாறலாம். எண்ணிக்கை இல்லாமல் சலிப்பு இல்லை.

மாணிக்கவாசகரை இங்கே பக்கத்தில் வைக்கலாம். சிவபுராணத்தில் அவரும் புல்லில் தொடங்கித் தேவர் வரை எல்லாப் பிறப்பையும் எண்ணிக்கொண்டு வருகிறார். முடிக்கும்போது அவர் எடுக்கும் வினை 'இளைத்தேன்'. பொருள் ஒன்றே, முறையீடும் ஒன்றே. ஆனாலும் ஒருவர் சலித்தேன் என்கிறார், ஒருவர் இளைத்தேன் என்கிறார். பட்டினத்தார் பாட்டில் கேட்பது இன்னொரு முறையா என்ற வெறுப்பு. மாணிக்கவாசகரிடம் கேட்பது தேய்ந்து மெலிந்துபோன உயிரின் குரல். இரண்டையும் இடம் மாற்றிப் படித்துப் பார்க்கட்டும், 'ஒரே பொருள்' என்கிறவர்கள்.

இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் வந்த வழியும் வேறு. அயர்தல் என்ற வினைக்குச் சங்க இலக்கியத்தில் ஆடுதல், கொண்டாடுதல், நிகழ்த்துதல் என்ற பொருள்கள் மிகுதி. விழவு அயர்வார்கள், குரவை அயர்வார்கள், வேலன் வெறியயர்வான். தன்னை மறந்து ஈடுபடுவதைச் சொன்ன வினை, தன்னை மறந்து கண்மூடுவதையும் சொல்ல வந்துவிட்டது. இன்றைக்கு 'அயர்ந்து தூங்கினான்' என்கிறபோது, திருவிழாவின் சாயல் அதில் ஒட்டியிருப்பது யாருக்கும் நினைவில்லை. சோர்தல் வேறு தடம். கண்ணீர் சோரும், கூந்தல் சோரும், ஆடை சோரும். பிடி தளர்ந்து கீழே நழுவுவது அதன் அடிப்படை. அதனால்தான் தேர்வில் தோற்றவன் சோர்ந்திருக்கிறான். மூட்டை தூக்கியவன் களைத்திருக்கிறான். இருவரும் ஒரே திண்ணையில் ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தாலும், பார்க்கிற பாட்டிக்கு எவனுக்கு மோர் கொடுப்பது, எவனிடம் உட்கார்ந்து பேசுவது என்று தெரியும்.

அசதியின் கதைதான் வேடிக்கையானது. அசந்தால் தூக்கம் வரும். அசந்தால் வியப்பும் வரும். "அவ சமையலப் பார்த்து அசந்துட்டேன்" என்பதில் தூக்கம் இல்லை. பிறரை அப்படி அசர வைப்பதால் 'அசத்து' வந்தது, அதிலிருந்து 'அசத்தல்' வந்து சினிமாச் சுவரொட்டிவரை ஏறிவிட்டது. அயர்வும் இப்படி வியப்புக்குப் போகும். 'கேட்டவர்கள் அயர்ந்துபோனார்கள்' என்று எழுதுகிறோம். களைப்போ அலுப்போ அந்தப் பக்கம் போகவே போகாது. இசைக் கச்சேரியைக் கேட்டு அசந்துபோனேன் என்று பாடகரிடம் சொல்லலாம். அலுத்துப்போனேன் என்று சொன்னால் அடுத்த கச்சேரிக்கு அழைப்பு வராது. அகராதியில் இரண்டுக்கும் நடுவே ஒரு காற்புள்ளிதான்.

இனி 'போர்'. தமிழில் அதற்குச் சொல் இல்லை என்கிற கட்சியின் முதல் சான்று, எல்லோரும் அந்தச் சொல்லையே பயன்படுத்துகிறார்கள் என்பது. இந்தக் கணக்குப்படி பார்த்தால் தமிழனுக்குச் சோறும் கிடையாது. ஓட்டலில் எல்லோரும் 'ரைஸ்' என்றுதான் கேட்கிறார்கள். 'டயர்டா இருக்கு' என்கிற தலைமுறை பெருகிவிட்டது. அதனால் களைப்பு தமிழுக்கு இல்லாமற்போய்விட்டதா? சொல்லை மொழிகள் பஞ்சத்தால் மட்டும் கடன் வாங்குவதில்லை. பகட்டுக்காக, பழக்கத்தால், பக்கத்து வீட்டுச் சத்தத்தால் என்று எத்தனையோ காரணங்கள். சென்னைத் தமிழின் 'பேஜார்' பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானி வழியாக வந்தது. அங்கே அதற்கு வெறுத்துப்போன, சலித்துப்போன என்று பொருள். சென்னைக்கு வந்ததும் தொல்லையைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. அதே சொல்லைக் கன்னடர்கள் சலிப்புக்கும் மனவருத்தத்துக்கும் வைத்துக்கொண்டார்கள். இரண்டு மொழியும் இல்லாமையால் வாங்கவில்லை.

இரண்டாவது சான்று இன்னும் பெரிதாக ஒலிக்கும். அந்த உணர்வே நவீனமானது, மேற்கத்தியது, ஆங்கிலத்தோடு வந்தது; நம் முன்னோர்களுக்கு வேலையும் கோயிலும் திருவிழாவும் இருந்ததால் அவர்களுக்குப் போர் அடித்ததே இல்லை என்பார்கள். இதில் ஒரு சிக்கல். ஆங்கிலத்திலேயே அந்தச் சொல் இந்தப் பொருளில் 1760களில்தான் எழுத்தில் தலைகாட்டுகிறது. டிக்கன்ஸின் 'பிளீக் ஹவுஸ்' நாவலில் (1852–53) லேடி டெட்லாக் எதைப் பார்த்தாலும் போர் அடித்தே உயிர் போகிறது என்று புலம்பும் காலத்தில் அது பழகிப்போன சொல். சொல் இல்லாவிட்டால் உணர்வும் இல்லை என்றால், 1616இல் இறந்த ஷேக்ஸ்பியருக்கு வாழ்நாளில் ஒருமுறைகூடப் போர் அடித்திருக்கக் கூடாது. அவர் காலத்துச் சொற்பொழிவுகளின் நீளத்தை அறிந்தவர்கள் இதை நம்புவது கடினம்.

தொல்காப்பியரின் எட்டு மெய்ப்பாடுகளில் சலிப்பு இல்லையே என்று ஏடு புரட்டுகிறவர்களும் உண்டு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை என்று தொடங்கும் அந்த எட்டோடு மெய்ப்பாட்டியலை மூடிவிட்டவர்கள் அவர்கள். அடுத்து முப்பத்திரண்டு மெய்ப்பாடுகள் கொண்ட ஒரு பட்டியல் வருகிறது. அதில் முனிதல் இருக்கிறது, மடிமை இருக்கிறது, கையாறு இருக்கிறது. முனிதலை வெறுத்தல் என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். சினம் அல்ல அது. சினத்துக்கு எட்டிலேயே வெகுளி என்று தனி இடம் கொடுத்தாயிற்று. எதிலும் கை ஓடாத நிலை, எதையும் செய்ய எழாத நிலை, ஒன்றின் மேல் மனம் விட்டுப்போன நிலை என்று பிரித்துப் பெயரிட்ட ஒரு மரபைப் பார்த்து, அவர்களுக்கு இந்த உணர்வு தெரியாது என்பது துணிச்சல்தான். வள்ளுவர் மடிக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். மடியையும் மறதியையும் கலக்காமல், பொச்சாப்புக்கு இன்னோர் அதிகாரம்.

உண்மையில், 'போர்' தமிழுக்குள் வந்ததும் தமிழே அதற்கு ஓர் இடம் காட்டிக் கொடுத்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஐ ஆம் போர்ட்' என்று மனிதன் எழுவாயாக நிற்கிறான். தமிழில் அப்படி வரவில்லை. 'எனக்குப் போர் அடிக்குது.' வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, நாற்றம் அடிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது என்று வெளியிலிருந்து வந்து நம்மேல் மோதுகிற இனத்தோடு அதை உட்கார வைத்தார்கள். அந்த நாற்காலி ஏற்கெனவே இருந்தது. நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கும் அந்த மனிதன், இட்லி அலுத்தபோது நின்ற அதே மனிதன். ஈழத்தமிழர் அதே நாற்காலியில் சொந்தச் சொல்லையே உட்கார வைத்தார்கள், 'அலுப்படிக்குது' என்பார்கள். படம் நன்றாக இல்லாவிட்டால் 'சரியான அலுப்பு'. தொல்லை கொடுக்காதே என்பதற்கும் அலுப்புத்தான். களைப்பு அங்கே மூச்சோடு சேர்ந்தது. ஓடிவந்து நிற்கிறவர் 'களைக்குது' என்பார். சென்னையில் சொல் இல்லை என்று கைவிரிக்கிறவர்கள், பாக்கு நீரிணைக்கு அப்பால் அந்தச் சொல் தினமும் வேலை பார்ப்பதைக் கேட்கவில்லை. (வயலில் போரடித்தவர்கள், ஆழ்துளைக் கிணற்றுக்குப் 'போர்' போடுகிறவர்கள், போருக்குப் போனவர்கள் ஆகியோரிடையே இன்னொரு 'போர்' வந்து நெருக்கியும் யாருக்கும் குழப்பம் வரவில்லை என்பது தனி ஆச்சரியம்.)

தமிழ்நாட்டிலும் சொல்லுக்குப் பஞ்சமில்லை. தேடிய இடம்தான் தவறு. பெயர்ச்சொல்லைத் தேடினார்கள், அது வாக்கியமாக உட்கார்ந்திருந்தது. 'பொழுதே போகமாட்டேங்குது.' செய்ய ஒன்றும் இல்லாதபோது வருகிற அந்த வெறுமைக்குத் தமிழன் சொல்லும் முதல் வாக்கியம் இதுதான். ஜெர்மன்காரர்கள் 'நீண்ட பொழுது' என்று இரண்டு சொல்லை ஒட்டி இதே உணர்வுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்களுடையது அகராதியில் தலைச்சொல்லாக ஏறியது; நம்முடையது வாக்கியமாக இருப்பதால் ஏறவில்லை. அதன் மறுபக்கமான 'பொழுதுபோக்கு' மட்டும் ஏறிவிட்டது.

மிகுதியால் வருகிற சலிப்புக்குத் தமிழ் நாக்கைக் கூப்பிடும். இனிப்பானது அளவு மீறினால் திகட்டும். பால்கோவா திகட்டும், அளவுக்கு மீறிய பாராட்டும் திகட்டும். நல்லதாக இல்லாதது எதுவும் திகட்டாது; அரசு அலுவலகத்தில் அலைந்தது திகட்டிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. பழசானது புளிக்கும். ஒரே அரசியல்வாதியின் ஒரே வாக்குறுதியைக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போகும். முதல் நாளில் அது புளிப்பாக இருந்ததில்லை, வைத்திருந்ததில் ஏறிய புளிப்பு. ஒட்டுதலே விட்டுப்போனால் கசந்துவிடும். கசந்த உறவு மறுபடி இனிப்பது அபூர்வம். அலுத்த இட்லி இரண்டு வாரம் கழித்து ருசிக்கும். இந்த வேறுபாடுகளை 'போர்' என்ற ஒரு சொல்லால் ஈடுகட்டப் பார்க்கிறவர்கள், தமிழில் சொல் குறைவு என்று குறைப்படுவது வியப்பாக இருக்கிறது.

வேலை செய்யும் முன்பே வருகிற களைப்பு ஒன்று உண்டு. வீட்டை வெள்ளையடிக்க வேண்டும் என்று நினைத்தாலே 'ஆயாசமாக' இருக்கும். இன்னும் ஒரு சாமானைக்கூட நகர்த்தவில்லை. களைப்பு செய்த பிறகு வருவது. ஆயாசம் நினைத்தவுடனே வரும். அது வடமொழிச் சொல்தான். வந்த சொல்லுக்கும் இங்கே ஒரு தனி வேலை கிடைத்திருக்கிறது.

சலிப்பை உண்டாக்கும் ஆளுக்கோ, தமிழர்கள் ஓர் ஆயுதக் கிடங்கே வைத்திருக்கிறார்கள். அறுவை, ரம்பம், பிளேடு, கழுத்தறுப்பு, கடி. எல்லாம் கூரானவை. பிறகு 'மொக்கை' வந்தது. அது கூர் மழுங்கியது. கத்தி கூராக இருந்தாலாவது சீக்கிரம் முடியும், மழுங்கியதால் அறுத்தால் இன்னும் நேரமாகும் என்று அடுத்த தலைமுறை கணித்ததோ என்னவோ. ஒரு நீண்ட சொற்பொழிவில் மாட்டிக்கொண்டவரின் துன்பத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் மொழிக்கு, அந்தத் துன்பத்தின் பெயர் தெரியாது என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

இதெல்லாம் சொல்லாராய்ச்சிச் சண்டை, இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று விலகிப் போகவும் இடமில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் 'பர்ன் அவுட்' நோயாக இல்லாமல் பணியிடம் சார்ந்த நிலையாக இடம்பெற்றிருக்கிறது. அதற்கு மூன்று கூறுகள்: ஆற்றல் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி வெறுப்பு கொள்வது, வேலையில் திறன் குறைந்ததாக உணர்வது. தமிழில் முதலாவது களைப்பின் பக்கம், இரண்டாவது அச்சு அசலாகச் சலிப்பு. ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கிவிட்டுப் பிறகு பிரித்து விளக்க வேண்டியிருந்ததை, ஒரு பேருந்து ஓட்டுநர் டீக்கடையில் இரண்டு வாக்கியத்தில் பிரித்துவிடுகிறார். ஆனால் நாளிதழ்களில் இது 'பணிச்சோர்வு' என்று வரும்போது சலிப்புப் பகுதி காணாமற்போகிறது. விடுமுறை எடுங்கள், நன்றாகத் தூங்குங்கள் என்ற அறிவுரையோடு செய்தி முடியும். சலித்தவன் பத்து நாள் தூங்கி எழுந்து வந்தாலும் அதே நாற்காலி, அதே கோப்பு.

மருத்துவத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. மனச்சோர்வு என்பது இன்று ஒரு நோயின் பெயர். அதைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும் ஒன்பது கேள்விப் படிவம் 2001இல் வெளிவந்தது, பி.எச்.கியூ-9 என்று சொல்வார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மேற்கொண்டு கவனிக்க வேண்டும் என்று கொள்வது வழக்கம். முதல் கேள்வி, செய்கிற காரியங்களில் நாட்டமோ இன்பமோ குறைந்துபோனதைப் பற்றியது. இரண்டாவது, மனம் தளர்ந்து நம்பிக்கை இழந்ததைப் பற்றியது. நான்காவது, களைப்பையும் தெம்பின்மையையும் பற்றியது. இந்தப் படிவத்தைத் தமிழாக்குகிறவர் மூன்று இடத்திலும் 'சோர்வாக இருக்கிறதா' என்று எழுதிவிட்டால், நடவு முடித்து மாலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் பெண் மூன்றுக்கும் ஆமாம் என்பார். நாள் முழுக்கக் குனிந்து நின்றவருக்குச் சோர்வு இருக்காதா? மூன்று கேள்விக்கும் முழு மதிப்பெண் விழுந்தால் அதுவே ஒன்பது. மீதி ஆறு கேள்விகளில் ஒன்றே ஒன்று போதும், அவர் பத்தைத் தொட. எதிலும் பிடிப்பற்றுப்போய், கைவேலை ஏதும் இல்லாமல், களைப்பும் இல்லாமல் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவர், 'சோர்வெல்லாம் ஒண்ணும் இல்லைங்க' என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடக்கூடும்.